தேநீர் விடுதியில் கற்பூரம்

காவலூரில் எங்கள் விருந்தினர் இல்லத்துக்கு வருகிறவர்கள் வானத்தைப் பார்க்க வருகிறார்கள். வானம் மூடிக்கொண்டால் எங்களைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பு அண்ணியுடையது.

வான் ஆய்வுக்கூடம் பக்கத்தில் இருப்பதால் இங்கே யாரும் விளக்குகளை மேல்நோக்கி எரியவிடுவதில்லை. தெளிந்த நாட்களில், ஆலங்காயத்தில் பேருந்து ஏறி வந்த களைப்பையும் மறந்து, விருந்தினர்கள் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்து நட்சத்திரம் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் அதே மனிதர்கள் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துவிட்டு, ஒரு நாள் முன்னதாகவே பையைக் கட்டிவிடுவார்கள். அண்ணி அவர்களைச் சிரித்தபடி வழியனுப்பிவிட்டு, உள்ளே வந்து படுக்கை விரிப்புகளை வேண்டியதற்கும் அதிகமான வேகத்தில் உதறுவார்.

இல்லம் என்று நான் எழுதுவது மூன்று அறைகளையும் அவற்றுக்கு முன்னால் இருக்கும் நீண்ட கூடத்தையும். அந்தக் கூடம் முன்பு அப்பாவின் புளிக் கொட்டகை. நிலத்து மரங்களிலிருந்து மாசியில் உலுக்கும் புளி அங்கேதான் குவிந்து கிடக்கும். அண்ணனும் அண்ணியும் அதற்குச் சிமென்ட் தரை போட்டு, ஜன்னல் வைத்து, வெள்ளையடித்து விருந்தினர் கூடமாக்கினார்கள். வெள்ளையடித்த பிறகும் மழைநாளில் சுவரிலிருந்து மெல்லிய புளிப்பு வாசனை வரும். வருகிறவர்கள் அது என்ன வாசனை என்று கேட்பார்கள். மூலிகை என்று அண்ணன் சொல்லிவிடுவான்.

சென்ற மழைக்காலத்தில், நான் வேலூரில் தமிழ் இலக்கியம் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு மலைக்கு வந்தேன். நான் வந்த அன்றுதான் ஒரு குடும்பம் பாதியில் கிளம்பிப் போயிருந்தது. அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினார்.

"ஆறு மாசம் வானம், ஆறு மாசம் மேகம். மேகத்தப் பாக்க எவன் வருவான்? மாசில புளி வந்தா எங்க கொட்டுவேன், என் தலையிலயா?"

"மேகம் இருக்கும்போதும் அவங்கள உட்கார வெக்கிறேன் மாமா," என்றார் அண்ணி.

"எப்படி, கயிறு போட்டுக் கட்டியா?"

"ஒரு விளையாட்டு வெக்கிறேன். ஒரு சாயங்காலம் நீங்களே வந்து உட்காந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

அப்பா சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு யோசித்தார். பிறகு தீர்ப்பு சொல்கிறவரின் குரலில் சொன்னார். எங்கள் சொந்த ஊரான ஆலங்காயத்தில், தெருவில் பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு என்றால் அப்பாவைத்தான் நடுவில் உட்கார வைப்பார்கள். ஆகவே அந்தக் குரல் எங்களுக்குப் பழக்கம்.

"வாசலுக்குப் போய் மேல பாக்காம எல்லாரும் முழுசா உட்காந்திருந்தாங்கன்னா, கொட்டாய் உன்னுது. எவனாவது நடுவுல ஏந்து மேகம் கலைஞ்சிச்சான்னு பாத்தான்னா, மாசிக்குப் புளி உள்ள வருது. நானும் அதுல சேத்தி."

அண்ணி தலையசைத்தார். ஆனால் அவர் கை குழம்புக் கரண்டியை வைத்த இடத்திலிருந்து எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்ததை நான் பார்த்தேன். அந்தக் கூடம் போய்விட்டால் மூன்று அறைகளை மட்டும் வைத்துக்கொண்டு நடத்த முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். திருமணத்துக்குப் பிறகு வேலூரில் பார்த்துவந்த ஓட்டல் வேலையை விட்டுவிட்டு அவர் மலைக்கு வந்தது அந்தக் கூடத்தை நம்பித்தான்.

விளையாட்டு என்பது இதுதான்: ஒரு கொலை நடந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். விருந்தினர்களே சந்தேகத்துக்குரியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேடமும் ஒரு ரகசியமும் கொடுக்கப்படும். கொலைகாரர் எதிலும் பொய் சொல்லலாம், மற்றவர்கள் தங்கள் ரகசியத்தை மறைக்க மட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணி ஓட்டலில் வேலை பார்த்தபோது பெரிய நிறுவனத்தார் இதை ஆடுவதைப் பார்த்திருக்கிறார். விருந்தினர் இல்லாததால் முதல் ஆட்டத்தை வீட்டாரே ஆடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கதை எழுத வேண்டிய வேலை என்னிடம் வந்தது. இலக்கியம் படிக்கிறவளுக்குக் கொலை தெரிந்திருக்க வேண்டும் என்பது வீட்டாரின் எண்ணம்.

கதையின் இடத்தைத் தீர்மானித்தது ஒரு தேநீர்ச் சாமான் தொகுதி. முன்பு வந்த ஒரு விருந்தினர் விட்டுச்சென்றது அது. கைப்பிடி இல்லாத சின்னஞ்சிறு கோப்பைகள், வயிறு பருத்த ஒரு மண் கெண்டி, மூங்கில் தட்டு. எடுத்துப் பயன்படுத்தத் தோன்றாமலும், தூக்கிப்போட மனமில்லாமலும் அலமாரியில் இருந்தன. அண்ணி வாணியம்பாடியிலிருந்து சிவப்புக் காகித விளக்குகள் வாங்கிவந்தார். அவ்வளவுதான், கூடம் சீனத் தேநீர் விடுதி ஆயிற்று. நாங்கள் யாரும் சீனாவைப் பார்த்ததில்லை. நான் கல்லூரி நூலகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு எழுதினேன். அங்கே சில ஊர்களில் சண்டைக்காரர்கள் வழக்கைத் தேநீர் விடுதிக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்றும், தோற்றவர் கூடியிருக்கும் அனைவருக்கும் தேநீர் கொடுக்க வேண்டும் என்றும் படித்திருந்தேன். அதை அப்படியே விளையாட்டின் விதியாக்கினேன்: குற்றவாளி என்று பெரும்பான்மையோர் சொல்லும் ஆள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பெயர்களை விட்டுவிட்டேன். அப்பாவால் சீனப் பெயர்களைச் சொல்ல முடியவில்லை. சொல்ல முயன்றபோது அண்ணன் சிரித்தான். அப்பா ஆட்டத்துக்கே வரவில்லை என்று சொல்லத் தொடங்கினார். ஆகவே வேடங்கள் தொழிலால் மட்டும் அறியப்பட்டன. அம்மா விடுதியின் முதலாளியம்மா. அண்ணன் தேநீர் காய்ச்சுபவர். அப்பா வைத்தியர். பக்கத்து நிலத்தில் சாமை விதைத்திருக்கும் அத்தை கதைசொல்லி. அவர் எங்களுக்கு உறவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பாவை அண்ணா என்று கூப்பிட்டு, அந்த உரிமையில் அப்பாவை யாரும் கேலி செய்யாத அளவுக்குக் கேலி செய்பவர். அண்ணி ஆட்டத்தை நடத்துபவர்.

கொலையுண்டவர், விடுதியை விலைக்குக் கேட்டு வந்த ஒரு வணிகர். அந்த வேடத்தை நான் கேட்டுப் பெற்றுக்கொண்டேன். பிணத்துக்கு வசனம் இல்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டாம் என்பதோடு, எழுதிய கதை நடப்பதை அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியும்.

ரகசியங்களை நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாய்வழியே சொன்னேன். அம்மாவிடம் சொன்னபோது அவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"நீதாம்மா கொலைகாரி. ரெண்டாவது தடவை தேநீர் ஊத்தும்போது விஷம் கலந்துட்ட."

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "இன்னாத்துக்குக் கொன்னேன்?"

"அந்த வணிகர் விடுதிய வாங்கி, தேயிலை மூட்டை அடுக்குற கிடங்கா மாத்தப் போறார். உன்னால அதத் தாங்க முடியல."

"அப்ப சரி," என்றார் அம்மா. சிறிது நேரம் கழித்து, "கேட்டா பொய் சொல்லணுமா?" என்றார்.

"சொல்லலாம்."

"பொய் எனக்கு வராதே. பாக்கலாம்."

கிடங்கு என்ற அந்தக் காரணத்தை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டால், எழுதும்போதே எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. எல்லோர் முன்னாலும் அதை வாய்விட்டுச் சொல்லும்போது எப்படிக் கேட்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் முழுவதும் தூறிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் எல்லோரும் கூடத்தில் கூடினோம். சிவப்பு விளக்குகளின் கீழ் வெள்ளைச் சுவர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. நான் மேசையில் தலை கவிழ்த்து உட்கார்ந்தேன். அண்ணி என் மேல் அப்பாவின் துண்டைப் போர்த்தினார். துண்டின் நெசவு வழியே என்னால் எல்லோரையும் ஓரளவு பார்க்க முடிந்தது.

"பொணம் மூச்சு வுடுது," என்றார் அத்தை.

"கண்டுக்காதீங்க அத்தை," என்றார் அண்ணி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்திருந்த தொடக்கத்தைச் சொன்னார். குரல் முதலில் உயரத்தில் ஏறி, பிறகு மெல்ல இறங்கித் தன் இடத்தைப் பிடித்தது. தேநீர் விடுதியில் வழக்குப் பேசும் வழக்கத்தை அவர் சொன்னபோது அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது பஞ்சாயத்துன்னு சொல்லு. எனக்கு எதுக்கு வைத்தியர் வேஷம்? நடுவுல உட்காரேன்."

"இன்னிக்கு நீங்களும் சந்தேகத்துல இருக்கீங்க மாமா."

"நானா?"

"இன்னாண்ணா, ஊரையே நிக்க வெச்சிக் கேக்குறீங்கல்ல, ஒரு நாள் நின்னு பாருங்க," என்றார் அத்தை.

கேள்விகள் தொடங்கின. அத்தை இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தவர்போல் கேட்டார். தேநீர் காய்ச்சுபவரிடம் பின்வாசல் சாவி ஏன் இருந்தது என்று கேட்டார். சாவி விஷயத்தில் பொய் சொல்லி உளற வேண்டும் என்று அண்ணனிடம் நான் சொல்லியிருந்தேன். அவன் அதை இயல்பாகவே செய்தான். வைத்தியர் பின்வாசல் வழியாக வந்ததை யாரோ பார்த்ததாக அண்ணி ஒரு தகவல் சொன்னார்.

"இன்னாத்துக்குப் பின்னால வந்தீங்க?" என்றார் அத்தை.

அப்பாவுக்கு நான் கொடுத்திருந்த ரகசியம் எளிமையானது: நோயாளிகளுக்குத் தேநீர் கூடாது என்று சொல்லும் வைத்தியர், தான் மட்டும் ஒளிந்து வந்து சர்க்கரை போட்டுக் குடிக்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆகையால் அந்த ரகசியத்தை அம்மா முன்னால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"காத்தாட வந்தேன்," என்றார்.

"மழைலயா?"

"மழைலயும் காத்து வரும்."

அண்ணன் சிரித்தான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். அத்தை விடவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினார். "அத வுடுங்க. மொதத் தபா ஊத்தினது காய்ச்சுறவரு. ரெண்டாந் தபா ஊத்தினது யாரு? அதச் சொல்லுங்க."

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இன்னும் இரண்டு கேள்வி போயிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். துண்டுக்குள் நான் மூச்சை அடக்கினேன். அம்மா வாய் திறந்தார். அதற்குள் அப்பா மேசையைத் தட்டினார்.

"இப்படிக் கேட்டுக்கினே இருந்தா விடிஞ்சிரும். இதுக்கெல்லாம் ஒரு வழி இருக்குது. சூடம் கொண்டாங்க."

அண்ணி திகைத்தார். "மாமா, அது இதுல இல்ல."

"உங்க சீனாவுல இல்ல. எங்க ஊர்ல இருக்குது. கொளுத்து. கை வெச்சி அணைச்சிச் சத்தியம் பண்ணட்டும். எவன் கை நடுங்குதோ அவன்தான்."

தேநீர் விடுதியின் மூங்கில் தட்டில் கற்பூரக் கட்டி எரிந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். பிணத்தால் ஆலோசனை சொல்ல முடியவில்லை. அவர் முகத்திலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: மாமாவைத் தடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார், எழுந்தால் வாசலுக்குப் போவார், வாசலுக்குப் போனால் மேலே பார்ப்பார்.

"நீ வா," என்றார் அப்பா, அண்ணனிடம்.

அண்ணன் எழுந்து வந்து, தீபத்துக்கு மேலே கையைக் கொண்டுபோய், நிறுத்தினான். "எனக்கு வேணாம்பா. சாவி விஷயத்துல பொய் சொல்லிட்டேன். சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். இப்ப சூடம் அணைச்சா நாளைக்கு வண்டில போகும்போது எதுனா ஆச்சின்னா?"

"சரி, உட்காரு. நீ வா தங்கச்சி."

அத்தை எழவே இல்லை. "நான் எங்க சாமி முன்னால தவிர வேற எங்கயும் சத்தியம் பண்றதில்லண்ணா. வெளையாட்டுக்குன்னா சத்தியமாவே பண்றதில்ல. நாலு பேரு என்ன சந்தேகப்பட்டா படட்டும். சாமி சந்தேகப்படக் கூடாது."

கற்பூரம் பாதியாகிவிட்டது. அப்பா அம்மாவைப் பார்த்தார். எனக்கு அம்மாவின் மொச்சை உரித்த விரல்கள் நினைவுக்கு வந்தன. பொய் வராது என்று சொன்னவர். ஆட்டம் இங்கே முடிகிறது என்று நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் கை நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தது.

அம்மா எழுந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டார். மேசைக்கு வந்து, கவிழ்ந்திருந்த என் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு, "இங்க உட்காந்திருக்கிற உசுருக்கு நான் எந்தக் கெடுதலும் பண்ணல," என்று தெளிவாகச் சொல்லி, எரியும் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தார்.

கை நடுங்கவில்லை. கற்பூரப் புகை துண்டுக்குள் வந்தது. எனக்கு இருமல் வந்துவிட்டது.

"பொணம் இருமுது," என்றார் அத்தை. ஆனால் அவர் குரலில் மரியாதை வந்திருந்தது. "போதும். முதலாளியம்மா இல்ல. அவங்கள வுட்டுடுங்க."

அண்ணன் எழுந்து இன்னொரு கட்டியை எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்தினான். "இப்ப வைத்தியரு."

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கையை நீட்டினார். நீட்டியபடியே இருந்தார். ஆலங்காயத்தில் எத்தனையோ பேரை அந்தத் தீபத்தின் முன்னால் நிற்க வைத்தவர் அவர். அவர்கள் கை நடுங்கியதைப் பற்றி எங்களிடம் கதையாகச் சொன்னவர். இப்போது அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வைத்தியனே இல்ல," என்றார் மெதுவாக. "இல்லாத ஒருத்தனுக்காக நான் எப்படிச் சத்தியம் பண்றது? அது பொய்ச் சத்தியம்ல?"

கையை எடுத்துக்கொண்டார்.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. பிறகு அத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பஞ்சாயத்து கூட்டினவரே கை வெக்கல. நான் வைத்தியருன்னுதான் சொல்வேன்."

"நானும்," என்றான் அண்ணன், அப்பாவைப் பார்க்காமல்.

"நானும்," என்றார் அம்மா.

ஆட்டத்தின் விதிப்படி அப்பா குற்றவாளி. விதியை எழுதியவள் நான். அதைச் சொல்ல வேண்டியவர் அண்ணி. அவர் மிகவும் தயங்கிச் சொன்னார்: "மாமா, தோத்தவங்க எல்லாருக்கும் தேநீர் போட்டுத் தரணும். நீங்க வேணாம், நான் போய்…"

"தீர்ப்புன்னா தீர்ப்புதான்," என்று எழுந்தார் அப்பா. வாசல் இருந்த பக்கம் அவர் போகவில்லை. சமையலறை இருந்த பக்கம் போனார். பாத்திரம் விழும் ஓசை கேட்டது. சர்க்கரை எங்கே என்ற கேள்வி கேட்டது. இஞ்சி தட்டும் ஓசை நெடுநேரம் கேட்டது. இஞ்சியோடு அவர் தன் கோபத்தையும் சேர்த்துத் தட்டுகிறாரோ என்று நினைத்தேன். நான் துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கோச்சிக்கினு போய்ட்டாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தெரியவில்லை என்று தலையாட்டினேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

அப்பா மண் கெண்டியிலேயே தேநீர் கொண்டுவந்தார். பால் விட்டுக் காய்ச்சிய, இஞ்சி தூக்கலான, நம் ஊர்த் தேநீர். சின்னஞ்சிறு கோப்பைகளில் ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். கோப்பை சூடாக இருந்ததால் அத்தை சேலை நுனியால் பிடித்துக்கொண்டார். "இது ஒரு முழுங்குக்குக் காணாதுண்ணா. சீனாக்காரங்க எப்படிக் குடிக்கிறாங்க?"

"திரும்பத் திரும்பக் குடிக்கிறாங்க," என்றேன். அன்று மாலை நான் பேசிய முதல் வாக்கியம் அது.

"சரி, சொல்லு," என்றார் அப்பா அண்ணியிடம், தன் கோப்பையுடன் உட்கார்ந்து. "நான் எப்படிக் கொன்னேன்?"

"நீங்க இல்ல மாமா," என்றார் அண்ணி. "முதலாளியம்மாதான்."

அப்பாவின் கோப்பை வாயருகே நின்றது. அம்மா தன் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"சூடத்த அணைச்சியே," என்றார் அப்பா.

"அணைச்சேன். இங்க உட்காந்திருக்கிறது என் பொண்ணு. என் பொண்ணுக்கு நான் கெடுதல் பண்ணனா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு மட்டுந்தான் மனசாட்சி இருக்குதா?"

அத்தை சிரித்த சிரிப்பில் கோப்பையிலிருந்து தேநீர் சிந்தியது. அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. கதையின் கடைசிப் பகுதி இன்னும் மீதமிருந்தது.

"எதுக்குக் கொன்னா?" என்று கேட்டார் அப்பா.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தே சொன்னார். "அந்த வணிகர் விடுதிய வாங்கி மூட்டை அடுக்குற கிடங்கா மாத்தப் பாத்தாரு மாமா. அத அவங்களால தாங்க முடியல."

சுவரிலிருந்து அந்தப் புளிப்பு வாசனை வந்தது. எழுதியவள் நான், கையிலிருந்த துண்டை மடிக்கத் தொடங்கினேன். அப்பா சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிமென்ட் தரையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அப்ப செத்தவனும் நானு," என்றார். "கொன்னவனும் நான்தான்னு தீர்ப்பும் சொல்லிட்டீங்க. டீயும் என்னையே போட வெச்சீங்க."

அவர் முகத்தில் முதலில் எதுவும் மாறவில்லை. பிறகு தோள்கள் குலுங்கின. அப்பா சத்தம் போட்டுச் சிரிப்பவர் அல்லர், குலுங்குவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கெண்டியை எடுத்துத் தன் கோப்பையில் மறுபடி ஊற்றிக்கொண்டார்.

"அதுல எவ்ளோ சர்க்கரை?" என்றார் அம்மா.

"வைத்தியர்கிட்ட கேளு," என்றார் அப்பா.

காலிக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்குழாயில் கழுவப் போன அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான். "வந்து பாருங்க," என்று கூப்பிட்டான். நாங்கள் போனோம். தூறல் எப்போதோ நின்றிருந்தது. மேகம் முழுவதுமாக விலகி, முற்றத்துக்கு மேலே, ஆய்வுக்கூடம் இருந்த மேடு வரைக்கும், கழுவிவிட்டதுபோல் நட்சத்திரங்கள். எப்போது விலகியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. அதை அவர் தனக்குள் கணக்கில் எடுத்துக்கொண்டதை, அவர் கழுத்து நிமிர்ந்திருந்த விதத்திலிருந்து நான் தெரிந்துகொண்டேன். அண்ணி வாசற்படியிலேயே நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுக் கொட்டாய்ல மேல் பக்கம் ஒழுவுது," என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல். "தகரம் மாத்திட்டா புளிய அங்க கொட்டிக்கலாம். மாடு ரெண்டுதான கீது." பிறகு அண்ணியிடம் திரும்பினார். "வர்றவங்ககிட்ட சூடம் கொளுத்தாத. அது நம்ம வூட்டுக்குள்ள வெச்சிக்கலாம். வெளியாளு பொசுக்குன்னு அணைச்சிட்டுப் போய்டுவான்."

"சரிங்க மாமா."

"இன்னொண்ணு. அடுத்த தபா ஆடும்போது எனக்கு வைத்தியன் வேணாம். கொலைகாரன் குடு."

"உங்களுக்குப் பொய் வராது," என்றார் அம்மா.

"உனக்கு மட்டும் வந்துச்சா?"

மாசியில் புளி மாட்டுக் கொட்டகைக்குத்தான் போனது. கூடத்தின் சுவரில் அந்த வாசனை மட்டும் இன்னும் இருக்கிறது. மேகம் மூடிய மாலைகளில், சிவப்பு விளக்குகளின் கீழே, வந்தவர்கள் யார் கொன்றது என்று ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருப்பார்கள். பிணமாக உட்கார ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மூங்கில் தட்டின் நடுவில் விழுந்த கருப்பு வட்டத்தை அண்ணி தேய்க்காமல் விட்டிருக்கிறார். அது என்ன என்று விருந்தினர்கள் கேட்டால், ஒரு பழைய வழக்கு என்று சொல்கிறார்.